பாதிக் கணக்கு

லில்லி டீச்சர் தேர்வுத் தாளை மேசைமேல் விரித்துக் காட்டியபோது சங்கரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாக் கணக்கும் தொடங்கியிருந்தது, ஒன்றுகூட முடியவில்லை. எட்டும் ஆறும் கூட்டல் என்று எழுதி, அடியில் அழகாகக் கோடு கிழித்திருந்தது. கோட்டுக்குக் கீழே வெறும் தாள். அடுத்த கணக்கும் அப்படியே. தமிழ்ப் பக்கத்தில் 'பசு நமக்கு' என்று எழுதி நின்றிருந்தது. பசு நமக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லவே இல்லை.

கிறுக்கலும் அழித்தலுமாக இருந்தாலாவது பிள்ளைக்குப் பாடம் வரவில்லை என்று வயிற்றில் அடித்துக்கொள்ளலாம். எழுத்தோ முத்து முத்தாக இருந்தது. அதுதான் சங்கரியை இன்னும் குழப்பியது.

"இது எங்க இளவரசி எழுதினதுதானா டீச்சர்? வேற புள்ள தாள் மாறி வந்துடலியே?"

"பேரு போட்டிருக்குது பாருங்கம்மா. தினமும் இப்படித்தான். பாதி எழுதுறா, பென்சிலைக் கீழ வெச்சுட்டு சும்மா உக்காந்துக்கினு இருக்கா. ஏன்னு கேட்டா முழிக்கிறா. வூட்டுல யாராச்சும் பக்கத்துல உக்காந்து படிக்க வெக்கிறீங்களா, இல்லியா?"

சங்கரிக்குச் சுருக்கென்றது. பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்கத் தேடினாலும், மூன்றாம் வகுப்புப் பிள்ளையை இவளைப்போல் மல்லுக்கட்டிப் படிக்க வைக்கிறவள் இன்னொருத்தி கிடைக்கமாட்டாள். வேலை செய்துகொண்டே, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு சாயங்காலம் தவறாமல் படிக்க வைக்கிறாள். அவளைப் பார்த்தா இந்தக் கேள்வி?

"வூட்டுல எல்லாத்தையும் கரெக்டா போடுறா டீச்சர். ஒண்ணு தப்பு வராது. கச்சபேஸ்வரர் மேல சத்தியமா, நான் ஒரு விடை சொல்லித் தந்தது கெடையாது."

அது பொய்ச் சத்தியம் இல்லை. சங்கரி அதை முழுமனதாக நம்பினாள்.

டீச்சர் பெருமூச்சு விட்டாள். "வெள்ளிக்கிழமை சின்னதா ஒரு டெஸ்ட் வெக்கிறேன். அன்னிக்கும் இதே கதைன்னா, கணக்குக்கும் தமிழுக்கும் ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களோட உக்கார வெக்கிறேன். தண்டனைன்னு நெனைக்காதீங்கம்மா, அவளுக்குத்தான் நல்லது."

கதவோரம் நின்றிருந்த இளவரசியின் காதில் எல்லாம் விழுந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள். "ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெச்சா நான் ஸ்கூலுக்கே போவ மாட்டேன்."

சொன்னால் சொன்னபடி செய்கிற பிள்ளை அது.

உள்ளே கதிர்வேல் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். மனைவி பள்ளிக்கூடம் போன நேரம் முழுக்கத் தறி சும்மா கிடந்தது. நெய்துகொண்டிருந்தது கோர்வைச் சேலை. உடம்பு மாம்பழ நிறம், கரை அரக்கு. இரண்டும் தனித்தனி நூல் என்பதால் இரண்டு பேர் வேண்டும். கதிர்வேல் உடம்புக்கான நூலைச் சுமக்கும் நாடாவை ஓட்டிக் கரையோரத்தில் நிறுத்துவான். வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சங்கரி அங்கிருந்து கரைக்கான நாடாவை எடுத்து ஓட்டுவாள். அவன் நிறுத்தினால் இவள் தொடங்கவேண்டும். 'போடு' என்று அவன் சொல்வதில்லை, 'போட்டேன்' என்று இவளும் சொல்வதில்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இதே வேலை.

அந்தப் பழக்கம் தறியோடு நிற்கவில்லை. எதிரே யார் பேச்சை நிறுத்தினாலும் மிச்சத்தை இவள் வாய் முடித்துவிடும். 'நம்ம தெருக் குழாயில' என்று பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் தொடங்கினால் 'தண்ணி வரல' என்று இவள் முடிப்பாள். சங்கரியிடம் பேசினால் தனக்குப் பாதி மூச்சு மிச்சம் என்று கங்கையம்மாள் ஊரெல்லாம் கேலி பேசுவாள். சங்கரியும் சேர்ந்து சிரிப்பாள்.

அன்றைக்கும் தறியில் உட்கார்ந்து, தன் வலது பக்கத்தில் பாயைப் போட்டு இளவரசியை உட்கார வைத்தாள். "அதே கணக்கை இப்ப போடுடி. உங்கப்பாவும் பாக்கட்டும்."

இளவரசி எழுதினாள், கோடு கிழித்தாள். "எட்டும் ஆறும்மா..."

"பதினாலு" என்றாள் சங்கரி, நாடாவைத் தள்ளிக்கொண்டே.

இளவரசி பதினாலு எழுதினாள். "இருவதுல ஒம்போது போனா..."

"பதினொண்ணு."

அதையும் எழுதினாள். கடைசிக் கணக்குவரை ஒன்றும் தப்பில்லை.

"பாத்தீங்களா? எல்லாம் கரெக்டு! இந்தப் புள்ளைக்கா கணக்கு வராது?" என்று நோட்டைப் புருஷனிடம் நீட்டினாள் சங்கரி.

கதிர்வேல் அறுந்த இழையில் கண்ணை நட்டிருந்தான். "அந்த டீச்சருக்கு நம்ம புள்ள மேல ஏதோ கோவம்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னான்.

இருக்குமோ என்று நினைத்தாள். ஆனால் லில்லி டீச்சர் முகத்தில் கோபம் இல்லை. கண்ணில் கோளாறோ? கண் டாக்டரிடம் காட்டினாள். கழுகுக் கண் என்று சொல்லி அனுப்பிவிட்டார். திருஷ்டியோ? உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நெடியே வரவில்லை என்பதால் திருஷ்டி பலமானது என்றாள் கங்கையம்மாள். கார்த்திகை மாதம் என்பதால், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கச்சபேஸ்வரர் கோயிலில் மண்டை விளக்கு எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். தலையில் கோளாறு உள்ளவர்கள் தலையில் விளக்கேற்றிய அகல்சட்டி சுமந்து கோயிலைச் சுற்றும் வேண்டுதல் அது. வேண்டிக்கொண்ட பிறகு, சட்டியைச் சுமக்கவேண்டிய தலை பிள்ளையுடையதா, தன்னுடையதா என்று இன்னொரு குழப்பம் வந்து சேர்ந்தது.

கடைசியில் பிள்ளையையே மடக்கிக் கேட்டாள். "வூட்டுல போடற இல்ல? ஸ்கூல்ல இன்னாத்துக்குடி முடிக்காம வெச்சுட்டு வர்ற?"

இளவரசி அம்மாவை விசித்திரமாகப் பார்த்தாள். "முடிச்சேனேமா. என்னுத முடிச்சுட்டேனே."

இதற்கு என்ன அர்த்தம் பண்ணிக்கொள்வது? சங்கரி நெற்றியில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தறியில் கை ஓடவில்லை. கரை இரண்டு இடத்தில் விட்டுப்போனது. "நீ இங்க இல்ல. போய்ப் பாத்துட்டு வந்துடு" என்றான் கதிர்வேல். தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தூண் மறைவில் நின்றுகொண்டாள்.

டெஸ்ட் தொடங்கியிருந்தது. கரும்பலகையில் முதல் கணக்கு அதே எட்டும் ஆறும்தான். இளவரசி இரண்டாம் வரிசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். மகளின் பின்னலைப் பார்த்து சங்கரி, தெரிந்த சாமி பெயரையெல்லாம் முணுமுணுத்தாள். இளவரசி கோடு கிழித்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள். முகத்தை லேசாக இடது பக்கம் திருப்பி, முகவாயைத் தூக்கினாள்.

அந்தப் பக்கத்தில் இருந்தது வெறும் நடைபாதை. பார்ப்பதற்கு அங்கே ஆளும் இல்லை, பொருளும் இல்லை. ஆனாலும் அவள் நிதானமாக, ஒரு கவலையும் இல்லாமல் அப்படியே இருந்தாள். அவள் யாருக்கோ காத்திருக்கிறாள் என்று சங்கரிக்குத் தெரிந்தது. நாடாவை ஓட்டி நிறுத்திவிட்டுக் கதிர்வேலும் இப்படித்தான் முகவாயைத் தூக்குவான்.

"பதினாலு" என்றது சங்கரியின் வாய்.

முணுமுணுப்பாக இல்லை, கணீரென்று கேட்டது. வகுப்பே ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. இளவரசி மட்டும் திரும்பவில்லை. அவளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வரவேண்டியது வந்துவிட்டது. பென்சிலை எடுத்துப் பதினாலு எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

"யாரும்மா அது ஜன்னல்ல?" என்று லில்லி டீச்சர் எழுந்து வந்தாள்.

சங்கரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எத்தனை சாயங்காலம்! எத்தனை பதினாலு, எத்தனை பதினொன்று! ஒன்றுகூடப் பிள்ளையுடையது இல்லை. அவமானமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போதும் மனம் சமாதானமாகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டதில் தப்பு எங்கே தொடங்கியது என்று அவளால் பிடிக்க முடியவில்லை.

"அவ மேல தப்பு இல்ல டீச்சர். அவ பாதியப் போட்டுட்டு என் பாதிக்காகக் காத்துக்கினு இருக்கா" என்று சொல்லி, தறியில் தானும் புருஷனும் செய்கிற வேலையைத் தட்டுத்தடுமாறி விளக்கினாள். "தவழ்ற வயசுலேருந்து அதைப் பாத்துக்கினே வளந்தவ. வேலைன்னா ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி செய்யறதுன்னு நெனைச்சுக்கினா."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "சரி. திங்கக்கிழமை மறுபடி வெக்கிறேன். அதுவரைக்கும் பக்கத்துல உக்காருங்க, ஆனா வாயத் தெறக்காதீங்க."

சொல்வது சுலபம். சனிக்கிழமை சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு, முந்தானை நுனியை வாயில் கவ்விக்கொண்டு சங்கரி பாயில் உட்கார்ந்தாள். இளவரசி பாதி எழுதி நிறுத்தினாள். அம்மா பேசவில்லை. முகவாயைத் தூக்கினாள். அம்மா சுவரைப் பார்த்தாள். பொறுக்கமாட்டாமல் கதிர்வேல் "பதி..." என்று தொடங்க, சங்கரி முறைத்த முறைப்பில் அவன் எழுந்து வாசலுக்கே போய்விட்டான்.

"இன்னாமா? என் மேல கோவமா?" இளவரசியின் கண் நிறைந்துவிட்டது. "ஏன் உன்னுத சொல்ல மாட்டேங்கற?"

"கோவம் இல்லடி கண்ணு. ரெண்டு பாதியும் உன்னுதுதான். நீயே போடணும்."

"நான் மட்டும் தனியாவா? அப்பா மட்டும் தனியா நெய்றாரா?"

தறியில் இவள் சும்மா இருந்தால் சேலை கெட்டுப்போகும், இங்கே இவள் வாயைத் திறந்தால் பிள்ளை கெட்டுப்போகும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே நடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? அவளுக்கே சரியாக விளங்கவில்லை. பிள்ளை அழ அழப் பார்த்துக்கொண்டு, வாயில் துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை தோன்றியது. நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கும் தார்க்குச்சிகளில் தீர்ந்தவற்றை ஒரு கூடையில் கொண்டுவந்து, பேசாமல் மகள் முன்னால் வைத்தாள். இளவரசி வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கோபத்தோடு எட்டை எண்ணி வைத்தாள், ஆறை எண்ணி வைத்தாள். எண்ணும்போது ஒரு குச்சி உருண்டு பாய்க்கு அடியில் போனது. பதிமூன்று என்று எழுதினாள். சங்கரியின் கண் பாயை விட்டு நகரவில்லை. விரல் துறுதுறுத்தது. கையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "சரியாமா?" என்று இளவரசி கேட்டபோது, "நாளைக்கு டீச்சர் கிட்ட காட்டு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள்.

திங்கட்கிழமை பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள். லில்லி டீச்சரே தாளோடு வெளியே வந்தாள். "எல்லாத்தையும் முடிச்சிருக்கா. பாதி தப்பு. விரல் விட்டு எண்ணிக்கினு இருந்தா, அதுல தடுமாறுறா. அதை நான் பாத்துக்கறேன். மூணாங்கிளாஸ்லயே இருக்கட்டும்."

சங்கரி தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு கணக்குக்குக் கீழும் வெறும் இடம் இல்லை. சிவப்புப் பெருக்கல் குறி நிறைய இருந்தது. இத்தனை தப்பைப் பார்த்து எந்தத் தாயாவது சந்தோஷப்படுவாளா என்று நினைத்தபடியே சந்தோஷப்பட்டாள்.

தெருவில் திரும்பும்போது இளவரசி துள்ளிக்கொண்டு வந்தாள். "டெஸ்ட் எழுதுறப்போ உன் ஞாபகம் வந்துச்சுமா. அப்புறம்..."

நிறுத்தினாள். 'அழுகை வந்துச்சு' என்று முடிக்கச் சங்கரியின் நாக்கு கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இளவரசி யாரையும் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடி நிதானமாக யோசித்தாள்.

"அப்புறம் கணக்குப் போடறதுல உன்ன மறந்துட்டேன்" என்றாள்.

சங்கரி மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.