கத்திரி அக்கா அனுப்பிய பக்கம்

லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அழுத்துவார். அந்த மணி போய் அடிக்கிற அறையில்தான் அணிலுக்கு வேலை. நாளெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "எந்தக் கட்டடம்? எத்தனையாவது மாடி?" என்று கேட்டு மெக்கானிக்கை அனுப்பவேண்டும். கதவு திறக்கிறவரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அணில் என்பது இணையத்தில் கதை எழுதுகிறவர்களின் குழுவில் அவளுக்குக் கிடைத்த பெயர். எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தில் நிற்காமல் தாவித் தாவி ஓடுகிறாள் என்று கத்திரி அக்கா வைத்தது.

கத்திரி அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. அந்தக் குழுவில் நானூறு பேர். முக்கால்வாசி, "அருமை, தொடருங்கள்" என்று போட்டுவிட்டு நழுவுகிற ரகம். அக்கா ஒருத்திதான் வரி வரியாகப் படித்து, வேண்டாததை நறுக்கி எறிவாள். அணில் தன் அப்பா வீட்டைவிட்டுப் போனதை முதல் கதையாக எழுதியபோது ஆளாளுக்கு, "அய்யோ, உங்களுக்கா இப்படி?" என்று உச்சுக்கொட்டினார்கள். அக்கா ஒரே போடாகப் போட்டாள்.

"இங்க வந்து துக்கம் விசாரிக்காதீங்க. கதையில வர்றது ஒரு பொண்ணு. அவ நிஜமா யாருன்னு கேக்கறது நம்ம வேலை இல்ல. கதை நிக்குதா, அதை மட்டும் பாருங்க."

அன்றுமுதல் அதுவே குழுவின் சட்டமாகிவிட்டது. அணிலுக்கு அது பெரிய நிம்மதி. பெற்ற அம்மாவிடம்கூடப் பேசமுடியாததைக் கொட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டதே! மூன்று வருஷம் அக்கா அவளை வறுத்தெடுத்தாள். திட்டு வாங்கி வாங்கியே இவள் ஒழுங்காக எழுதப் பழகினாள். அக்காவின் சொந்தப் பெயரோ ஊரோ தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வேலையில் இருந்தபோது, அக்கா ஒரு பக்கத்தை அணிலுக்கு மட்டும் அனுப்பினாள். இருவரும் ஒரே நேரத்தில் திறந்து, ஓரத்தில் குறிப்பு எழுதக்கூடிய பக்கம். எப்போதும் இவள் எழுதுவாள், அக்கா வெட்டுவாள். இன்று எழுதியிருந்தது அக்கா. தன் கதையை அவள் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. அணிலுக்குத் தலைகால் புரியவில்லை.

சின்னக் கதைதான். தனியாக இருக்கிற ஒரு பெண்மணி சமையலறையில் விழுந்துவிடுகிறாள். இடது கையும் இடது காலும் மரக்கட்டையாகக் கிடக்கின்றன. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். வலது கையில் போன் இருக்கிறது. தூர தேசத்தில் இருக்கும் மகனோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. குழாய் சொட்டுகிறது. அவ்வளவுதான்.

அணில் ஐந்து குறிப்பு எழுதினாள். அக்காவிடம் கற்றதை அக்காவிடமே காட்டுகிற பெருமை அவளுக்கு. "கால் மரத்ததை ரெண்டு தடவை சொல்றீங்க, ஒண்ணை வெட்டலாம்." "குழாய் வேண்டாம், எல்லார் கதையிலயும் சொட்டுது." கடைசிக் குறிப்பை மட்டும் யோசித்து எழுதினாள். "கையிலதான் போன் இருக்கே, ஏன் யாரையும் கூப்பிடல? நம்பற மாதிரி இல்ல அக்கா."

பதில் வர வெகுநேரம் ஆயிற்று.

"யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல."

"இதையே கதையில வைங்க. பிரமாதம்!" என்று எழுதி, கூடவே ஒரு பூவையும் ஒட்டினாள். அதற்குப் பதில் இல்லை. அக்கா திருத்த உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

இரண்டு மணி சுமாருக்கு ஒரு லிஃப்டிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். சாவகாசமான குரல். "ஒண்ணும் அவசரம் இல்லம்மா. வேற வேலை இருந்தா முடிச்சிட்டே வாங்க." அணில் உடனே மெக்கானிக்கை விரட்டினாள். இந்த வேலையில், கத்துகிறவர்களைப் பற்றி யாரும் அதிகம் பயப்படுவதில்லை. இப்படிப் பணிவாகப் பேசுகிறவர்தான் பல சமயம் உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பார். ஆறு வருஷமாக அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. பெரியவரை வெளியே எடுத்தபிறகு, யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல என்று அக்கா எழுதியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அக்கா என்றைக்கு இவளிடம் போய் யோசனை கேட்டிருக்கிறாள்?

பக்கத்தைத் திறந்தாள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அக்கா பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று காட்டும் பச்சைப் புள்ளி மட்டும் மூலையில் இருந்தது. "அக்கா, இது கதைதானே?" என்று எழுதினாள். "எந்த ஊரு அக்கா? தெருப் பேரு மட்டும் சொல்லுங்க." எதற்கும் பதில் இல்லை.

குழுவை நடத்துகிறவரை எல்லாரும் வாத்தியார் என்பார்கள். அவருக்குப் போன் போட்டாள்.

"அவங்க மெயில் ஐடி தவிர எங்கிட்ட ஒண்ணும் இல்லையே. எழுதிப் பாக்கறேன். ஆனா நீ பதறாதே. கதையைப் போய் நிஜமான்னு கேட்டா அக்கா நம்மளைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க."

அடுத்து போலீஸ்.

"காணாமப் போனவங்க பேரு?"

"காணாமப் போகல சார், வீட்லதான் இருக்காங்க. பேரு... கத்திரி."

"அட்ரஸ்?"

"தெரியாது சார்."

"எந்த நாடுன்னாவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ வண்டியை எங்கதாம்மா அனுப்பச் சொல்றே?"

தினமும் நாற்பது பேரிடம் இடம் கேட்கிறவள் போனை வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்துப் பேச்சையும் தோண்டித் துருவினாள். இவளுடைய அப்பா, இவளுடைய அம்மா, இவளுடைய வேலை. எல்லாமே இவள் புராணம். அக்காவைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒருநாளாவது சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாளா என்று தேடினாள். அதுவும் இல்லை.

"யாருடி அது? முகத்தைக்கூடப் பாத்ததில்லேங்கறே, இந்த அழுகை அழறே?" என்றாள் அம்மா. என்ன உறவென்று சொல்வது? அணில் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஞாயிறு காலை அந்தப் பச்சைப் புள்ளியும் அணைந்துவிட்டது.

பதினோராம் நாள் அதே பக்கத்தில் அக்காவின் பெயரில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. அணில் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டாள்.

"நான் இவங்க மகன். ஞாயித்துக்கிழமைதான் பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சிருக்காங்க. அம்மா உயிரோட இருக்காங்க. பேச்சு வரல, என்னையே அடையாளம் தெரியல. சனிக்கிழமை மத்தியானமே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றார். போன்ல கடைசியா திறந்திருந்தது இந்தப் பக்கம்தான், அதான் எழுதறேன்."

சற்றுப் பொறுத்து மறுபடியும் எழுதினான்.

"போன்ல பார்த்தேன், யாருக்குமே போன் பண்ணல. என்னை விடுங்க, என்மேல கோபம். பக்கத்து வீடு, ஆஸ்பத்திரி, அம்மா யாரையுமே கூப்பிடலையா?"

ஓரக் குறிப்புகளை அவன் இன்னும் திறக்கவில்லை போலிருந்தது. அத்தனையும் அணில் எழுதியவை, அவள் அழித்தால் அடியில் இருக்கிற அக்காவின் பதிலும் சேர்ந்தே போய்விடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. விரல் அங்கே போய் நின்றது. பிறகு அவன் கேள்விக்குக் கீழே எழுதினாள்.

"கூப்பிட்டாங்க. என்னைக் கூப்பிட்டாங்க."