உட்கார்ந்தே கண்டெடுத்த காசு

எங்கள் வீட்டில் சோபா ஒன்றுதான். மரச் சட்டத்தில் பஞ்சு மெத்தை போட்டது. அதில் என் தம்பி இருக்கிறான். நானோ மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றபடி மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். வீட்டுக்கு வந்து காலை நீட்ட எனக்கும் அந்த ஒரு இடம்தான். சாயங்காலம் உள்ளே நுழைந்தால், துரை தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு, "அக்கா, வர்றப்ப அப்படியே அந்த ரிமோட்டை எடுத்துட்டு வா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். விழுந்தது மட்டும் படிக்கட்டில். முட்டியில் ஸ்டீல் தகடு வைத்துக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார்கள். எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியே மாதக்கணக்கில் ஆகிறது. கேட்டால் "வலிக்குது" என்பான். வலியில்லை, பயம் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டைப் பார்த்தாலே முகம் வெளுத்துவிடும். அவனை நினைத்தால் பாவமாக இருந்தது, சோபாவை நினைத்தால் கோபமாக இருந்தது. எது அதிகம் என்று வேலை முடிந்து வந்த நேரத்தில் மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் பிளம்பர். மண்ணுக்குள் புதைந்த குழாயைத் தேட அவரிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் உண்டு. நீளக் கம்பு, முனையில் ஒரு தட்டு, கீழே இரும்போ பித்தளையோ இருந்தால் கீச்சென்று கத்தும். ஒருநாள் சும்மா இருக்காமல், "இதை எடுத்துட்டுப் போய்க் காட்டுல தேடினா புதையலே கிடைக்கும்" என்றார். சோபாவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மாமா, உங்க மெஷின் காட்டுல உருப்படியா ஒரு பொருளைக் கண்டுபிடிக்கட்டும். மறுநாளே நான் என் வீட்டுக்குக் கிளம்பறேன், வேலைக்கும் போறேன்."

"என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு" என்றேன். பண்ணினான். கொஞ்சம் பலமாகவே அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் காட்டுக்குப் போனோம். அவனையும் இழுத்துக்கொண்டு போகாவிட்டால், எதைக் கொண்டுவந்து காட்டினாலும் கடையில் வாங்கியது என்று பல்டி அடிப்பான்.

முதல் மரத்தடியிலேயே மெஷின் கத்தியது. வீட்டுக்காரர் வெறி பிடித்தவர் மாதிரி தோண்டினார். ஒன்றுமில்லை. அடுத்த மரம், மறுபடி கத்தல், மறுபடி குழி. அந்த இடத்தையே உழுது முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தடவையும் தம்பி பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் தட்டை அவன் முட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கீச்ச்ச்.

"மாப்ளே, நீ தூரமாப் போய் உட்காரு."

அவனுக்கு அதைவிட இனிப்பான வார்த்தை உண்டா? சற்றுத் தள்ளி ஒரு பாறை, முதுகு சாயத் தோதாக ஒரு மரம். பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு போய்ச் சாய்ந்துவிட்டான். காட்டுக்குள்ளும் ஒரு சோபாவைக் கண்டுபிடித்துவிட்டான், மகராசன்.

நாங்கள் அலைந்தோம். பாட்டில் மூடி, துருப்பிடித்த ஆணி, நசுங்கிய டப்பா, யாரோ விட்டுப்போன கூடார முளை. கிடைத்ததையெல்லாம் நான் அவனிடம் கொண்டுபோய் நீட்டினேன். "இது உருப்படியான பொருள் இல்லையாடா?" முளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம்ஹூம்" என்றான். நீதிபதி தோற்றார்.

பொழுது சாய்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி நான் சோபாவில் உட்காருவதென்றால் அவன் மடியில்தான் உட்கார வேண்டும்.

"உங்க மெஷின் கெட்டுப்போச்சுங்க" என்றேன்.

வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கெட்டுப்போச்சா? இப்பப் பாரு." நேரே தம்பியிடம் போய்த் தட்டை அவன் காலருகே நீட்டினார். கத்தியது. "மாப்ளே, நகரு. அது நிக்கறதையும் உங்க அக்காவுக்குக் காட்டறேன்."

தம்பி முனகிக்கொண்டே எழுந்து நகர்ந்தான். மெஷின் நிற்கவில்லை. மரத்துக்குப் பின்னால் போகச் சொன்னோம். போனான். அப்போதும் கத்தியது.

பாறையடியில், அவன் நாள் முழுக்கக் கால் வைத்திருந்த இடத்தில், நானே கையால் தோண்டினேன். மண்ணோடு ஒரு வட்டம் வந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். பெரிய மூக்கோடு ஒரு ராஜா, சுற்றிலும் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.

வீட்டுக்குக்கூடப் போகாமல் பழைய காசு, தபால்தலை விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "வெளிநாட்டுக் காசு. நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். வித்தா ஒரு காபிக்குக்கூடக் காணாது, ஆனா அருமையான காசு. பாறையடியிலயா கிடைச்சது? அப்படித்தான் கிடைக்கும். நடக்கிறவன் பையிலேருந்து காசு விழாது. களைச்சுப்போய் உட்காருவான் பாருங்க, அப்பதான் நழுவும்."

தம்பிக்கு வாயெல்லாம் பல். "கேட்டியா அக்கா? நீங்க ரெண்டு பேரும் நாள் பூரா நடந்து ஆணி பொறுக்கினீங்க. நான் உட்கார்ந்த இடத்துலயே சரித்திரத்தைக் கண்டுபிடிச்சேன். என்னைப் போய் எழுந்திரு எழுந்திருங்கறியே!"

"டேய், அந்த ஆளு உட்கார்ந்தான், அப்புறம் எழுந்து போனான். அதனாலதான் காசு மட்டும் கிடைச்சது. உன்னை மாதிரி உட்கார்ந்தே இருந்திருந்தா எலும்பும்ல சேர்ந்து கிடைச்சிருக்கும்!"

கடைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. வழி நெடுக அந்தக் காசையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது சோபா காலி. தொப்பென்று விழுந்தேன். மெத்தையில் அவன் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் சொர்க்கமாக இருந்தது. அப்புறம் ரிமோட் கேட்க ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன் அடித்தது. தம்பிதான். மூச்சு வாங்கியது.

"அக்கா, எங்க கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர்."

"ஐயய்யோ! அப்புறம்?"

"அப்புறமென்ன, மெக்கானிக் நான்தானே? மெஷின் ரூம் மொட்டை மாடில இருக்கு. படியேறித்தான் ஆகணும். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிட்டேன்." குரல் கொஞ்சம் நடுங்கியது. "அந்தக் காசைத்தான் காணோம். பையில போட்டதா ஞாபகம்."

வீட்டுக்காரர் ஓடிப்போய் மெஷினை எடுத்துவந்து சோபாமேல் நீட்டினார். கீச்ச்ச். இடுக்கில் கையை விட்டேன். டீஸ்பூன், தொலைந்துபோன என் கத்தரிக்கோல், மூக்கு ராஜா.

"கிடைச்சுதா அக்கா?"

"கிடைக்கலைடா" என்றேன். ராஜாவை இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினேன். "ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து உட்கார்ந்து தேடிக்கோ."