கடைவாய்ப் பல்லில் ஒரு பாட்டு

'துரு' என்று பெயர் வைத்துக்கொண்டு மேடை ஏறும் ஹிப் ஹாப் குழுவிடம் போய் இனிமையை எதிர்பார்த்தால், தப்பு நம்முடையதுதான். மொத்தமே மூன்று பேர். தம்பி பாடுவான். பாடுவது என்று நாமாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், கத்துவான். வெல்டர் காலி டிரம்மைச் சங்கிலியால் விளாசுவான். அக்கா மூலையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, காது கூசுகிற சத்தங்களாகப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். பகலில் அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். சத்தத்துக்குப் பஞ்சமே இல்லாத வேலை.

போன நிகழ்ச்சியில் பாதிக் கூட்டம் பாதிப் பாட்டிலேயே எழுந்து போய்விட்டது. அரங்கத்துக்காரர் நல்ல மனுஷர், பதமாகத்தான் சொன்னார்.

"சனிக்கிழமை இன்னொரு தடவை பாருங்க. அன்னைக்கும் நாற்காலிங்க மட்டும்தான் கேட்கும்னா, இத்தோட நிறுத்திக்கலாம்."

இவர்களை ஏற்றிவிட வேறு மேடை கிடையாது. 

அக்காவிடம் ஒரு யோசனை இருந்தது. டாக்டரின் டிரில் பல்லைக் குடைகிற சத்தம். காற்றில் சுற்றும் டிரில்லை ஏற்கெனவே பதிவு செய்து பார்த்தாயிற்று. கொசு மாதிரி இருந்தது. பல்லில் இறங்கும்போதுதான் அதற்கு உயிர் வரும். அதற்கு ஒரு பல் வேண்டும். ரொம்ப நாளாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கும் தம்பியை அவள் கவனிக்காமலா இருந்தாள்?

"ஏன்டா, பாட்டுக்காக ஒரு பல்லு தர மாட்டியா?"

'எமனே வந்தாலும் எதிரே நிப்பேன்' என்று அவனே எழுதி, அவனே பாடி, அவனே புல்லரித்துப்போன பாட்டு அது. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வான்?

"பல்லுதானே, பாத்துக்கலாம்," என்றான். சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

டாக்டரிடமும் முன்கூட்டியே கேட்டுவிட்டாள். "அவனுக்குச் சம்மதம்னா எனக்கென்னம்மா? என் பேரை மட்டும் எங்கேயும் போட்டுடாதே," என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நாற்காலியில் சாய்ந்துகிடந்த தம்பியின் சட்டைக் காலரில் சின்ன மைக்கை மாட்டினாள். மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. டாக்டர் டிரில்லை எடுத்து, ஓடுகிறதா என்று காற்றில்தான் ஒரு தடவை சுற்றவிட்டார்.

"அக்காஆஆ!"

வெளியே காத்திருந்த இரண்டு பேர், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

"இன்னும் தொடவே இல்லப்பா," என்றார் டாக்டர். தொட்ட பிறகு கேட்க வேண்டுமா? பல்லை அடைத்து முடிக்கும் வரை அக்கா, அக்கா என்று ஒரே அலறல். அவன் பிடித்த பிடியில் அவள் விரல்கள் வெளுத்துவிட்டன.

சாயங்காலம் வெல்டரின் பட்டறையில் போட்டுக் கேட்டார்கள். டிரில் எங்கோ தூரத்தில் இருந்தது. மற்றதெல்லாம் தம்பி. வெல்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "இதுதான்டா பாட்டு," என்றான். அக்காவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. இதுவரை அவள் அடுக்கிய எந்தச் சத்தமும் இப்படி முதுகுத்தண்டில் ஏறியதில்லை.

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. "அழிச்சுடுக்கா. எமனுக்கே பயப்படாதவன்னு முன்னாடி நான் பாடறேன், பின்னாடி நீ இதை ஓட விடுவியா? மானம் போயிடும்."

"நீ சொல்லாம போட மாட்டேன். ஆனா அழிக்கவும் மாட்டேன்," என்றாள் அவள்.

சனிக்கிழமை அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பல்லுக்குப் பதிலாக ஒரு பழைய மிக்ஸியின் உறுமலை வைத்து அக்கா ஒப்பேற்றினாள். பின்வரிசையில் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. ஒருவர் காதைப் பொத்திக்கொண்டே வெளியேறினார். அவர் பின்னால் ஒரு குடும்பமே எழுந்தது. அரங்கத்துக்காரர் கதவோரம் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் அலறலை ஓடவிடும் பட்டன்மேல் அக்காவின் விரல் போய்ப் போய்த் திரும்பியது. ஒரு தட்டு தட்டினால் போதும். மானம் போகிறவன் வேறு யாராவது என்றால் எப்போதோ தட்டியிருப்பாள். இவன் கூடப் பிறந்தவனாயிற்றே!

எழுந்து போகிறவர்களைத் தம்பியும் பார்த்தான். எமன் வருகிற வரி வந்தது. அவன் பாடவில்லை. மைக்கை இறக்கிவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா! போடு."

"நிஜமாவாடா?"

"பயந்தேன்தான். என்ன இப்போ? போட்டுத் தொலை!"

தட்டினாள். அலறல் சுவரில் போய் மோதியது. வெல்டரின் சங்கிலி அதன்மேல் விழுந்தது. வாசல்வரை போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கூடவே 'அக்கா' என்று கத்தினாள். அவள் தொடங்கியதுதான் தாமதம், அரங்கமே தொண்டை கிழியக் கத்தியது. தம்பி எல்லாரையும்விட உரக்கக் கத்தினான். எமன் ஞாபகமே அவனுக்கு இல்லை.

மூலையில் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை நாளில் ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது இத்தனை பேர் கூப்பிடும்போது உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? எழுந்து நின்றாள்.