களிம்புக்குள் கேக் வாசனை

1

இந்தக் கதை இரவல் கோபத்தில் எழுதப்படுகிறது. எனக்குச் சொந்தமாகக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் பசி என்று நினைத்து எதையாவது சாப்பிட்டுவிடுவேன். கோபம் என் தங்கையுடையது. ஏழு மாதக் கர்ப்பிணி. இன்று காலை தோல் மருத்துவரிடமிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "கண்டதையும் எழுதுறல்ல, இதை எழுது" என்றாள்.

எதை என்று கேட்டேன். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினாள்.

(அண்ணன் அழுதிருக்க வேண்டும். எழுத்தாளன் பேனாவைத் தேடினான். இருவரையும் முழுசாக நம்ப வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

2

முதல் தொடக்கம்:

அவள் முழங்கை மடிப்பில் அந்தி இறங்கியிருந்தது. கழுத்தோரம் செந்நிற மலர்கள் மெல்ல

தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள், "மலரா? கிட்ட வந்து மோந்து பாரு" என்றாள். வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். அதை முடிக்கும் துணிச்சல் எனக்கில்லை.

இரண்டாம் தொடக்கம்:

கர்ப்ப காலத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் போக்கு மாறுவதால், சிறுவயதிலிருந்தே இருக்கும் கரப்பான் என்னும் தோல்நோய் சிலருக்குத் தணிகிறது, சிலருக்கு மூர்க்கமாகிறது, அதுவரை இல்லாத சிலருக்கும் புதிதாக

"இது மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருப்பாங்களே, அந்தக் காகிதம்."

மூன்றாவதை அவளே சொன்னாள். "அரிக்குது. அவ்வளவுதான். எழுது."

எழுதிப் பார்த்தேன். என்ன சின்னச் சொல். கொசு கடித்தாலும் அரிக்கிறது. புதுத்துணி உறுத்தினாலும் அரிக்கிறது. தோல் வெடித்து, நீர் கசிந்து, சட்டையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது நேற்று வளர்ந்த தோலும் கூடவே வருவதற்கும் அதே சொல்தான். வலிக்கிறது என்றால் உட்கார நாற்காலி தருகிறார்கள். அரிக்கிறது என்றால் "சொறியாதே" என்கிறார்கள்.

3

அவள் முடி வெட்டுபவள். பார்லரில் அவளுக்கென்று ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, அவளுக்காகக் காத்திருக்கும் வாடிக்கைப் பெண்கள் எல்லாம் உண்டு. சின்ன வயதுக் கரப்பான் பெரியவளானதும் அடங்கி, விருந்தாளியாக எப்போதாவது வந்துபோய்க்கொண்டிருந்தது. கர்ப்பம் தரித்ததும் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டது. விரலிடுக்கு, முழங்கை, கழுத்து, முழங்காலுக்குப் பின்புறம்.

ஒரு வாடிக்கைப் பெண் அவள் கையைப் பார்த்துவிட்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டாள். ஒட்டாது என்று விளக்கியும் அந்தத் தலை பின்னால் வரவில்லை. மறுநாளே முதலாளியம்மா அவளைப் பின்கட்டுக்கு மாற்றினார், துண்டு அலச. அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் காட்டிய கருணை. வெடித்த கைக்குச் சோப்புத் தண்ணீர். இதைவிடப் பொருத்தமாக ஒரு தண்டனையை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பிரசவ மருத்துவரிடம் போனால் அவர் திரையைப் பார்த்தார். குழந்தை பிரமாதமாக இருக்கிறது. அவள் கையை நீட்டினாள். குழந்தை பிரமாதமாக இருக்கிறது என்று இன்னொரு முறை சொன்னார். வீடு பற்றி எரிகிறது என்று ஒருத்தி சொல்கிறாள். உள்ளே குடியிருப்பவர் சௌக்கியம் என்று பதில் வருகிறது.

(இந்த உவமையில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். "என்னை வீடாக்கிட்டியா நீயும்" என்று கேட்டாள். எடுத்துவிடவா என்றேன். "இருக்கட்டும், சரியாத்தான் இருக்கு, அதான் எரிச்சல்" என்றாள்.)

கடைசியில் ஒரு தோல் மருத்துவரைத் தேடிப் பிடித்தாள். அவர் உட்காரவைத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு கலந்ததுதான், மிதமானது, கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதுதான் என்று பொறுமையாக விளக்கினார். அவள் நம்பினாள். போட்டாள். கொஞ்ச நாளில் தோல் ஆறத் தொடங்கியது. பிறகு திடீரென்று, அதே களிம்பு வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது.

4

இங்கே அவள் கணவர் உள்ளே வர வேண்டும். இவரை எழுதுவதுதான் சிரமம். வில்லனாக்கிப் பார்த்தேன், மீசை நிற்கவில்லை. மாப்பிள்ளை கேக் கடைக்காரர். கேக் மேல் ரோஜா வைப்பார், பெயர் எழுதுவார். எதிரில் வரும் நாய்க்கும் வழிவிடுகிற மனிதர். மனைவிக்கு அரித்தால் விசிறி எடுத்துக்கொண்டு உட்காருவார்.

விசிறியை வைத்துவிட்டு ஒரு நாள் கைப்பேசியை எடுத்தார். ஸ்டீராய்டு, கர்ப்பம் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துத் தேடினார். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போனது. அவளிடம் சொன்னால் கேட்க மாட்டாள் என்று முடிவு செய்தார். டாக்டரைக் கேட்கலாம் என்று தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது, உலகத்தில் வேறெந்தக் கணவருக்கும் தோன்றியிருக்காது.

களிம்புக் குழாயின் அடிமடிப்பைப் பிரித்தார். உள்ளே இருந்ததை வழித்தெடுத்தார். கடையில் கிரீம் பிழியும் கூம்புப் பையில் வெறும் வாசலினை நிரப்பி, நுனியைக் குழாய்க்குள் விட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் பக்குவமாகப் பிழிந்து, அடியை மறுபடி மடித்து அழுத்தினார்.

(தொழில் சுத்தம் என்றால் இதுதான். எழுதும்போது கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.)

அவள் அதை வேளை தவறாமல் போட்டாள். கழுத்தில் மறுபடி வெடித்தது. அவர் விசிறினார்.

ஒரே ஒரு தவறு. பையை எவ்வளவு கழுவினாலும் வனிலா போவதில்லை.

5

அவள் எல்லோரிடமும் சொன்னாள், இந்த மருந்தில் கேக் வாசனை வருகிறது என்று. பார்லரில் சிரித்தார்கள். மாமியார் போனில் சிரித்தார். கர்ப்பிணி மூக்குக்கு எல்லாம் மணக்கும் என்றார்கள், இனிப்புக்கு ஆசை வந்துவிட்டது என்றார்கள். ஒரு கேக்கே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். தன் மூக்கைத் தானே நம்பாத நிலைக்கு அவள் வந்துசேர்ந்தாள். குழந்தையைச் சுமப்பவள் என்பதால் புத்தியை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டாள் என்று ஊரே நினைத்தால், கொஞ்ச நாளில் அவளும்

(வேண்டாம். பிரசங்கம் ஆகிறது.)

இன்று காலை தோல் மருத்துவர் முகம் சுளித்தார். மருந்துக்கு அடங்காத தோல் என்றால் கடுமையான சிகிச்சைக்குத்தான் போக வேண்டும் என்றார். எதற்கும் குழாயைக் காட்டச் சொன்னார். விரலில் கொஞ்சம் பிதுக்கினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னம்மா, கேக் வாசனை வருது?"

அவள் கண் நிறைந்து, "உங்களுக்கும் வருதா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாளாம்.

மருத்துவர் குழாயைத் திருப்பி அடிமடிப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இது நான் கொடுத்தது இல்லை, வெறும் வாசலின் என்றார். புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். "நான் சொன்ன இடத்துல, சொன்ன அளவு போட்டா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க இப்படித் தூங்காம கிடந்தாத்தான் ஆகும்." வெளியே வந்ததும் அவள் கணவருக்குப் போன் போட்டாள், அவர் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டாராம்.

6

முடிவுகள்.

அ) குழந்தை பிறக்கிறது. அதன் பிஞ்சு விரல் அவள் கையைத் தொட, எல்லாக் காயமும்

அவள்: "குழந்தை பொறந்ததும் எல்லாம் சரியாயிடும்னு எழுதின, பேப்பரைக் கிழிச்சிருவேன்."

ஆ) அவர் மன்னிப்புக் கேட்கிறார், அவள் சிரித்துவிடுகிறாள். (அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், முறைத்தாள்.)

இ) அவள் இனி அந்த வீட்டுக்குப் போகவே மாட்டாள். இதை எழுதியதும் அவளே மறுத்துத் தலையசைத்தாள். "அதை நீ எப்படிச் சொல்ற?"

சற்று முன் மாப்பிள்ளை வந்தார். நேராகக் கடையிலிருந்து, ஏப்ரனோடு. கதவுக்கு வெளியே நின்று, "மச்சான், நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றார்.

நான் எழுந்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். குரல் உயரவில்லை.

"நீங்க பயந்தது தப்பில்ல. என்கிட்ட சொல்லிட்டுப் பயந்திருக்கலாம். நான் தினமும் கையைக் காட்டி ஏன் ஆறலன்னு உங்களைத்தானே கேட்டேன்."

மாப்பிள்ளை ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்.

தன் உடம்பைப் பற்றித் தான் சொல்வது எடுபடாத வீட்டுக்குத் திரும்புவதா என்பதுதான் கேள்வி. இப்படிப்பட்ட கதைகளில் ஆசிரியன் இந்த இடத்தில் விலகிக்கொண்டு, முடிவை வாசகர் கையில் கொடுப்பது வழக்கம். நானும் அந்த உத்தேசத்தில்தான் இருந்தேன். அவளிடம் சொன்னேன்.

"யாருகிட்ட?"

வாசகர்களிடம்.

"அவங்க யாரு எனக்கு முடிவு சொல்ல?"

ஆகவே மன்னிக்கவும், உங்களுக்கு முடிவு கிடையாது. முதலாளியம்மா, பிரசவ மருத்துவர், மாமியார், மாப்பிள்ளை, நான். இத்தனை பேர் போதும், இன்னும் ஒருவர் அவளுக்காக முடிவெடுக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இடம் இருக்கிறது, வேண்டுமானால் நீங்களும் உட்காரலாம். உள்ளே அவள் புதுக்குழாயைத் திறந்து, விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருக்கிறாள். அவசரமே இல்லை. வலது கை இப்போதுதான் முடிந்தது.