எதிர்வீட்டு மகள்

உர்கான் அக்கா துணியில் சுற்றிய ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மீரிமின் வீட்டைக் கடந்து போனாள். இன்றைக்கும் எதிர்வீட்டுக்குத்தான். முற்றத்தில் ஈரச் சட்டையை உதறிக்கொண்டிருந்த மீரிமைப் பார்த்து, "காயாதும்மா, மலைமேல மேகம் கட்டியிருக்கு" என்று மட்டும் சொன்னாள். சுட்ட ரொட்டியின் மணம் உள்ளே வந்து எட்டிப்பார்த்துவிட்டு அவளோடேயே போய்விட்டது.

எதிர்வீட்டில் நோரா இருந்தாள். அயர்லாந்துக்காரி. நாரின் நகரத்துப் பக்கத்து இந்த மலைச் சிற்றூர்ப் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுப்பு மூட்டத் தெரியாமல் அவள் இருமியதைக் கேட்டே ஆண்கள் உதவ ஓடிவந்தார்கள். யாரோ வறட்டி அடுக்கிக் கொடுத்தார்கள், யாரோ குதிரைப்பால் கொண்டுவந்தார்கள். அதே பள்ளியில் அதே ஆங்கிலத்தை மீரிம் ஒன்பது வருடமாகக் கற்பிக்கிறாள். தெற்கே ஓஷ் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் தெருவுக்கு இன்னும் தெற்கத்திக்காரிதான். அவளுடைய அம்மா இறந்தபோது கணவாயைப் பனி அடைத்திருந்தது. ஊருக்குப் போக வழியில்லாமல் தொழுவத்தில் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நோராவை வெறுத்துத் தொலைக்கலாம் என்றால் அதற்கும் அவள் இடம் தருவதில்லை. தன் ஊரிலிருந்து வந்த சாக்லேட்டில் பாதியை மீரிமின் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். அது இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை உர்கான் வீட்டில் நோராவுக்காக ஆடு அடித்தார்கள். "நீ இல்லாம எப்படி? அவ பேசுறது எங்களுக்குப் புரியணுமே" என்று மீரிமையும் அழைத்தார்கள். வாசலுக்கு நேர் எதிரே, மெத்தை விரித்த மரியாதை இடத்தில் நோரா. வாசலோரம், மருமகள்கள் உட்கார்ந்து தேநீர் ஊற்றும் இடத்தில் மீரிம். அவள் கவனமில்லாமல் ஒரு கிண்ணத்தைத் தளும்ப ஊற்றிவிட்டாள். விருந்தாளிக்குக் கிண்ணம் நிறைய ஊற்றினால் கிளம்பச் சொல்வதாக அங்கே அர்த்தம். உர்கானின் கணவர் அதைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, தெக்கத்திக்காரி நம்மளக் குடிச்சுட்டுக் கிளம்பச் சொல்றா." எல்லோரும் சிரித்தார்கள். புரியாமலே நோராவும் சிரித்தாள்.

உர்கான் எழுந்து புதிய தலைத்துணி ஒன்றை நோராவின் தலையில் கட்டினாள். "கிசிம், உன்னைப் பெத்தவ தூரத்துல இருக்கா. இந்தத் தெருவுல இனிமே நான்தான் உனக்கு அம்மா. அடுப்பு எரியலேன்னாலும் வா, அழணும்போல இருந்தாலும் வா, கிசிம். மீரிம், இத அவகிட்ட நல்லா எடுத்துச் சொல்லும்மா."

மீரிம் கையிலிருந்த தேநீர்க் குடுவையைக் கீழே வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்: "நல்லா சாப்பிடச் சொல்றாங்க. அடுப்புல ஏதாவது கோளாறுன்னா தகவல் சொல்லணுமாம்."

நோரா தலையசைத்து நன்றி சொன்னாள். உர்கான் இன்னும் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா சொன்னா?"

"அவங்க ஊர்ல அப்படித்தான் அக்கா. அளந்துதான் பேசுவாங்க."

உர்கான் மெல்ல உட்கார்ந்து, விரிப்பில் சிந்தியிருந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினாள். அந்த முகத்தைப் பார்க்க மீரிமுக்குக் கொஞ்ச நேரம் இனித்தது. அப்புறம் தன் பங்கு இறைச்சியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

வெயில் சாயுமுன் இருவரும் வெளியே வந்தார்கள். தெருவின் பாதியில் நோரா கேட்டாள்: "அந்தம்மா ஒரு வார்த்தைய திரும்பத் திரும்பச் சொன்னாங்களே, கிசிம்னு. அப்படின்னா என்ன?"

சும்மா கூப்பிடுவது என்று சொல்லியிருக்கலாம். நோரா அதையும் நம்பியிருப்பாள்.

"என் மகளேன்னு அர்த்தம்," என்றாள் மீரிம். அம்மா போனபிறகு அந்தச் சொல் அவள் காதில் விழுந்ததே இல்லை. மீதியையும் சொன்னாள். அடுப்பு, அழுகை, அம்மா. ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவள் குரல்தான் உடைந்தது.

நோரா திரும்பி, வந்த வழியே வேகமாக நடந்தாள். கட்டாத காலணி வார்கள் புழுதியில் இழுபட்டன. உர்கான் வீட்டுக் கதவு திறந்தது. உர்கான் அவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள். தலைத்துணி நழுவி நோராவின் தோளில் விழுந்தது.

நடுத்தெருவில் மீரிம் நின்றாள். நோராவின் தோளுக்கு மேலே உர்கானின் ஒரு கை மட்டும் எழுந்து, வா வா என்று அசைந்தது. மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறாளா, அவளையே கூப்பிடுகிறாளா, தெரியவில்லை. கை அசைந்துகொண்டே இருந்தது.