இடமிருந்து ஐந்தாவது

1

இந்தக் கதை எனக்குள் ஊறி வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அக்கா உத்தரவு போட்டாள், எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்று, "டேய், நீ எழுத்தாளன்தானே? அந்த அஞ்சாவது பொண்ணு குழுவை விட்டுப் போகலைன்னு ஒரு கதை எழுது. டெய்லர் படிச்சா நம்பணும்" என்றாள்.

என்னை எழுத்தாளன் என்று அவள் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துபோய் உடனே உட்கார்ந்தேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஏழு பெண்களும் ஏழு குடைகளும் — (வேண்டாம். மழையில் தொடங்கினால் கடைசியில் யாராவது சாக வேண்டியிருக்கும்.)

கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் — (ஏனென்றால் என்ன? எனக்கே தெரியாது.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

ஜப்பானில் ஒரு பாட்டுக் குழு. ஏழு பெண்கள். ‘ஏழு குடை’ என்று பெயர். அக்காவும் அவள் தோழிகள் ஆறு பேரும் அதன் தீவிர ரசிகைகள். எல்லோரும் நாற்பதைத் தொட்டவர்கள், அல்லது தொட்டதை ஒப்புக்கொள்ளாதவர்கள். ஆளுக்கொரு பெண்ணைப் பங்கு போட்டுக்கொண்டு, அவளைப் போலவே ஆடுவார்கள். அக்கா ஐந்தாவது, தையல் கடை வைத்திருக்கிற தோழி டெய்லர் மூன்றாவது. வருஷத்துக்கு ஒருமுறை ரசிகர் விழாவில் மேடை ஏறுவார்கள். அக்காவுக்கு அந்த மேடைதான் உயிர். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பரிசோதிக்கிறவளை எல்லாக் கண்ணும் பார்ப்பது அன்று மட்டும்தான்.

(இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கா படித்தால் அடிப்பாள். இருக்கட்டும்.)

இவர்களுக்குள் ஒரு விதி உண்டு. அங்கே ஒருத்தி குழுவை விட்டு விலகினால், இங்கே அவளாக ஆடுகிறவளும் விலக வேண்டும். விதியைப் போட்டது அக்கா. போன வருஷம் அங்கே முதலாமவள் விலகியபோது, "விதின்னா விதிதான்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே பேக்கரிக்காரம்மாவை வெளியே அனுப்பியதும் அக்காதான். அங்கே புதிதாக ஒருத்தி வந்தாள். இங்கே பல் டாக்டரம்மா வந்தார்.

இப்போது புதுப் பாட்டு வந்திருக்கிறது. வீடியோவின் கடைசியில் ஏழு பேரும் ஒரே உடை, ஒரே விக், எப்போதும் நிற்கிற வரிசையில் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் குடையைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போகிறாள்.

இடமிருந்து ஐந்தாவது.

3

விவாதம் டெய்லர் கடையில் நடந்தது. துணி வெட்டுகிற மேஜைமேல் நூல்கண்டில் சாய்த்துப் போனை வைத்திருந்தார்கள். நான் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

"பாவாடை ஓரத்தை நல்லாப் பாருங்கக்கா," என்றாள் டெய்லர். "ஓட்டுத் தையல். இழுத்தா கையோட வந்துடும். நிரந்தரமா இருக்கப்போற ஆளுக்கு யாராவது இப்படித் தைப்பாங்களா?"

"அவ கதவைத் தடவித் தடவித் திறக்கறதைப் பாரு," என்றாள் அக்கா. "பார்வை மங்கல். வழி தெரியாம வெளியே போயிட்டா. ஒரு கண்ணாடி போட்டா திரும்பி வந்துடுவா."

"கண்ணு தெரியாமயா இவ்வளவு நாள் ஆடினா?"

"என் கடைக்குக் கார் ஓட்டிட்டே வராங்கடி அப்படி."

"அப்போ பாட்டு நடுவுல முகத்தைக் காட்டறப்போ அவ மச்சம் ஏன் வலது கன்னத்துக்குப் போச்சு? எப்பவும் இடது கன்னத்துலதானே இருக்கும்?" டெய்லர் குரலைத் தாழ்த்தினாள். "மாத்தி வரைஞ்சிருக்காங்க. புது வாழ்க்கைக்குப் போறான்னு அடையாளம்."

ஏழு பேர் சட்டையிலும் பொத்தான்கள் வழக்கத்துக்கு மாறான பக்கம் இருப்பதையும் டெய்லர் கண்டுபிடித்தாள். "ஃபேஷன்னா ஜப்பான்தான்" என்று அதை ஒரு காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டாள்.

பிறகு அலமாரியில் இருந்த துணியைக் காட்டிக் கேட்டாள். "அஞ்சாவது டிரஸ்ஸை வெட்டவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கக்கா. நீங்க போட்ட விதி."

அக்கா எழுந்துவிட்டாள். வீடு வரும்வரை என்னைத் திட்டக்கூட மறந்து, தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். வாய் ஓயாத என் அக்கா அப்படி வந்தது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

4

டெய்லரை வில்லியாக்கினால் கதை வேகமாக ஓடும். ஆனால் என் பேண்ட் ஜிப்பைச் சும்மா மாற்றிக் கொடுத்தவளை எப்படி வில்லியாக்குவது? நன்றி கெட்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். தவிர, அவளும் அழுதுகொண்டேதான் வாதாடினாள் என்பதை முந்தைய பகுதியில் எழுத மறந்துவிட்டேன்.

(மாமாவை, அதாவது அக்காவின் கணவரை, இன்னும் கொண்டுவரவில்லை. பஸ் டிரைவர். ஒரு காட்சியில் டீ போட வைக்கலாம் என்றிருந்தேன். வீடியோவைப் பார்த்துவிட்டு, "பாத்ரூம் போயிருப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இதைவிட நல்ல விளக்கம் இதுவரை வரவில்லை.)

5

நேற்று அந்தக் கடைசிக் காட்சியை வர்ணிக்க உட்கார்ந்தேன். ‘கதவுக்கு மேலே ஒரு கடிகாரம். அதன் நொடிமுள் மெல்ல’ என்று எழுதி, மெல்ல என்றால் எப்படி என்று பார்க்க அக்கா அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டேன்.

நொடிமுள் பின்பக்கமாகப் போனது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே மழை மேலிருந்து கீழேதான் விழுந்தது. காலம் திரும்பவில்லை என்றால் படம்தான் திரும்பியிருக்க வேண்டும்.

அது ஆடப் பழகுகிறவர்களுக்காக இடத்தை வலமாகத் திருப்பிப் போட்ட வீடியோ. எதிரே நிலைக்கண்ணாடி இருப்பதுபோல் பார்த்துக்கொண்டே ஆடலாம். அசலை வெளியான அன்று அக்காவும் தோழிகளும் ஒரே ஒரு தடவை பார்த்தார்கள். ஏழு பேரும் அழுதுகொண்டிருந்ததால் யாரும் எதையும் எண்ணவில்லை. பிறகு ஒத்திகைக்கென்று அக்கா இதை எல்லோருக்கும் அனுப்பினாள். ஆராய்ச்சி முழுக்க இதில்தான். சுவரெல்லாம் ஜப்பானிய எழுத்து. அது நேராக இருந்தால் என்ன, திரும்பி இருந்தால் என்ன, எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மச்சமும் பொத்தானும் படித்துப் படித்துச் சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

அசலைத் தேடி எடுத்து எண்ணினேன். வெளியே போகிறவள் மூன்றாவது.

டெய்லர்.

6

முடிவு, முதல் வரைவு: உண்மையைச் சொல்கிறேன். அக்கா குதிக்கிறாள். டெய்லர் தன் டிரஸ்ஸைத் தானே மடித்து — (கை ஓடவில்லை.)

இரண்டாவது: நான் மூச்சு விடவில்லை. விழா அன்று அக்கா கீழே நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் விரலால் தாளம் — (இதற்கும் ஓடவில்லை. என் அக்கா அவள்.)

மூன்றாவது: பாத்ரூம். (நீங்கள் என்னை விட மாட்டீர்கள்.)

நான்காவதை எழுதுவதற்குள் காலிங்பெல் அடித்தது. அக்கா திறந்தாள். என் அறைக்கு நேர் எதிரே வாசல். கையில் துணிப்பையோடு டெய்லர் நின்றாள்.

"அஞ்சாவது டிரஸ். போட்டுப் பாருங்கக்கா."

"அவ போறான்னு நீதானே சொன்னே?"

"இப்பவும் சொல்றேன். போறவ போகட்டும். அதுக்கு நீங்க ஏன் போகணும்? ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். இழுத்தாலும் வராது."

அக்கா பையை வாங்கவில்லை. "பேக்கரிக்காரம்மாவை அனுப்பினேனே. இப்ப எனக்கு மட்டும் வேற விதியா?"

"அவங்களையும் கூப்பிடுங்க. எட்டுப் பேர் ஆடினா மேடை இடிஞ்சிடுமா?" டெய்லர் கொஞ்சம் தயங்கினாள். "சரிக்கா, போறது நான்னு வெச்சுக்குங்க. என்னை அனுப்பிடுவீங்களா?"

என் கையில் போன். அசல் வீடியோ பாதியில் நிறுத்தியபடி இருக்கிறது. மூன்றாவது பெண் கதவில் கை வைத்திருக்கிறாள்.

அக்கா டெய்லரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். விதிக்கும் தோழிக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள். பிறகு சின்ன வயதிலிருந்து செய்வதையே செய்தாள்: பழியைத் தூக்கி என் தலையில் போட்டாள்.

"டேய், கதையை முடிச்சிட்டியா? யாரு போறான்னு எழுதியிருக்கே?"

இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன்.