முப்பது மகரந்தப் பைகள்

1

“எல்லாத்தையுமா வெட்டின? ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?”

“சுத்தமா இருக்கட்டுமேன்னுதான் கண்ணு…”

“கண்ணு கிண்ணுன்னா நாக்கையும் சேத்து வெட்டிருவேன், மெர்வ்!”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். வேலிக்கு இந்தப் பக்கம், குழாயைத் திறக்காமலே தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். டாஸ்மேனியாவில் ஜனவரிக் காலையில் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசும்.

2

முதலில் வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். ‘மலைச்சரிவில் ஒரு வெள்ளை லில்லி…’ (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.) ‘க்ளெனிஸ் ஒரு சாதுவான விதவை.’ (இதையும் அடித்துவிட்டேன். பொய்க்கும் ஓர் அளவு உண்டு.)

நடந்ததைச் சொல்கிறேன். க்ளெனிஸுக்கு அறுபத்தேழு வயது. எங்கள் ஊர் மலர்க் கண்காட்சியில், வாசனை லில்லிப் பிரிவில், பதினோரு வருடமாக இரண்டாம் பரிசு. இப்போது வீட்டை விற்றாயிற்று. குளிர்காலத்துக்குள் ஹோபார்ட் நகரத்தில் மகள் பார்த்து வைத்திருக்கும் மாடி வீட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே துணி காயப்போடவே இடமில்லை, லில்லிக்கு எங்கே போவது? முதல் பரிசுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஒரே தண்டில் ஐந்து பூ, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

அடுத்த வீட்டு மெர்வ் மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற பிளம்பர். தண்டைக் காரில் ஏற்ற உதவ வந்தார். க்ளெனிஸ் தொப்பியைத் தேடிய ஐந்து நிமிடத்தில், பூக்களின் நடுவே ஆடிக்கொண்டிருந்த மகரந்தப் பைகளை எல்லாம் கத்தரித்துத் தட்டில் போட்டுவிட்டார். லில்லியை ஜாடியில் வைக்கிற எந்த வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். அந்தக் காவித் தூள் மேசைவிரிப்பில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. ஆனால் போட்டிப் பூ முழுதாக இருக்க வேண்டும். ஒரு பை குறைந்தாலும் மேசையிலிருந்து இறக்கிவிடுவார்கள்.*

* பூவுக்கு ஆறு. ஐயாறு முப்பது. நான் எண்ணவில்லை, க்ளெனிஸ் கத்திக் கத்தி எண்ணினாள்.

3

மெர்வ் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அறுபத்தொன்பது வயதில் ஒரு மனிதர் இவ்வளவு அசடாக இருக்க முடியுமா? வேண்டுமென்றே செய்தார் என்று ஊரில் ஒரு கட்சி உண்டு. அடுத்து அவர் செய்ததைப் பார்த்தால் அவ்வளவு சூது அவருக்கு வராது என்று தெரியும். சட்டைப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தார்.

“ஒட்டிரலாம்.”

“எதை வச்சு? உன் மூளையை வச்சா?”

“பல்செட்டு ஒட்டுற புதினாப் பசை. ஆட்டுக்கறி கடிச்சாலே அசையாது. பூ என்ன, கறியா திங்கப் போகுது?”

சமையலறை மேசையில் இரண்டு தலைகளும் குனிந்தன. புருவம் பிடுங்கும் இடுக்கி அவள் கையில், பசை அவர் கையில். இருபத்திரண்டாவது பை அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் அந்த விரலைப் பிடித்து… (விட்டுவிடுகிறேன். என் பார்வைக்கு நடுவே ஜன்னல் திரை வந்துவிட்டது.) பேச்சு மட்டும் கேட்டது.

“ஹோபார்ட்ல இப்படிக் காலங்காத்தால சண்டை போட உனக்கு யாரு இருக்கா?”

“வாயை மூடிக்கிட்டு அடுத்ததை எடு.”

4

இங்கே நானே கதைக்குள் வந்தாக வேண்டியிருக்கிறது. கண்காட்சியில் நடுவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வது என் வேலை. நடுவர் ஐல்சா அம்மையார் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முப்பது பைகளும் கம்பீரமாக நின்றன. அவர் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“ரோண்டா, இங்க வா. லில்லில புதினா வாசனை அடிக்குதே? உனக்கு அடிக்குதா?”

குறிப்பெடுப்பவள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நடுவரே கேட்டால்? கண்ணாடிக் கதவுக்கு வெளியே க்ளெனிஸ் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

5

முடிவு ஒன்று: “ஆமாங்க, புதினாதான்” என்றேன். பூ இறங்கியது.

முடிவு இரண்டு: “எனக்கு ஜலதோஷங்க” என்றேன். ஊரார் விஷயத்திலெல்லாம் நுழைந்த இந்த மூக்கு, வாழ்நாளில் முதல்முறையாக அடைத்துக்கொண்டது.

முடிவு மூன்று: “இது புது ரகம்…” (வேண்டாம். இவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருந்ததாக யாரும் நம்ப மாட்டார்கள்.)

எது என்று சொல்ல மாட்டேன். எல்லார் வீட்டுக் கதையையும் சொல்கிறவள் தன் கதையில் ஒன்றே ஒன்றை மறைத்துக்கொள்ளலாம்.

பிறகு நடந்தது இது. ஐல்சா வெயில் கொளுத்தும் க்வீன்ஸ்லாந்துக்குக் குடிபோய்விட்டார். அங்கே கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்து ஏமாற்றினால்தான் லில்லி பூக்குமாம். ஏப்ரலில் க்ளெனிஸ் மெர்வைக் கட்டிக்கொண்டாள். ஹோபார்ட் போகவில்லை, கிழங்குகளைத் தோண்டித் தள்ளுவண்டியில் போட்டு, அடுத்த வீட்டுக்குக் குடிபோனாள். கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கேக்கை மணப்பெண்ணே கொண்டுவந்தாள்.

“அன்னிக்கு நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்டி, ரோண்டா” என்றபடி என் தட்டில் ஒரு துண்டை வைத்தாள்.

அது பெரிய துண்டா, சின்னத் துண்டா என்பதை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.